ஓர் ஆண்டில் ஒரு கிழமைநாள் எத்தனை தடவை வரும்? 53ஆவது ஞாயிறு பற்றிய விவாதம்

முள்ளியவளைப் பொருளாளர்:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் மாதர் சங்கத்தின் சேமிப்புக் கணக்கை எழுதும் பொறுப்பு என்னிடம் உள்ளது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கூட்டம் முடிந்தவுடன் உறுப்பினர்கள் தலைக்கு 200 ரூபா செலுத்துவார்கள். அச்சகத்தில் அடித்து வாங்கிய பதிவேட்டில் ஓர் ஆண்டுக்கு 52 வரிகளே உண்டு. 2023ஆம் ஆண்டில் ஜனவரி 1ஆம் திகதியும் ஞாயிறாக இருந்தது, டிசம்பர் 31ஆம் திகதியும் ஞாயிறாக இருந்தது. கடைசிக் கூட்டத்தின் பணத்தை எழுத வரி இல்லாமல் பக்கத்தின் ஓரத்தில் எழுதினேன். பின்னர் கணக்குப் பார்த்தவர்கள், ஒருவரின் ஆண்டுச் சேமிப்பு 10,400 ரூபாவாக இருக்க வேண்டிய இடத்தில் 10,600 ரூபா எவ்வாறு வந்தது என்று கேட்டார்கள்.

இப்போது புதிய பதிவேடு அச்சடிக்க வேண்டியுள்ளது. இப்படி 53 ஞாயிறு வரும் ஆண்டுகளை முன்கூட்டியே அறிய வழி உண்டா? ஞாயிறுதான் அதிகம் வருகிறது, சனிக்கு மாற்றினால் இந்தத் தொல்லை இராது என்று உறுப்பினர் சிலர் சொல்வதில் உண்மை உண்டா? இவற்றோடு இன்னுமொன்று: 2026 மே மாதத்தில் ஐந்து வெள்ளியும் ஐந்து சனியும் ஐந்து ஞாயிறும் வருகின்றன, இது 823 ஆண்டுகளுக்கு ஒரு தடவையே நிகழும் என்று ஒரு வட்ஸ்அப் செய்தி எங்கள் குழுவில் சுற்றுகிறது. அதையும் யாராவது பார்த்துச் சொன்னால் நல்லது.

மாங்குளம் கணித ஆசிரியர்:
பொருளாளர் அவர்களுக்கு, உங்கள் முதற் கேள்விக்கு ஒரு வகுத்தலே போதும். 365ஐ 7ஆல் வகுத்தால் ஈவு 52, மீதி 1. அதாவது சாதாரண ஆண்டொன்றில் ஏழு கிழமைநாட்களும் 52 தடவை வந்து முடிந்த பின்னரும் ஒரு நாள் எஞ்சி நிற்கிறது. அந்த எஞ்சிய நாள் டிசம்பர் 31. அது ஜனவரி 1 எந்தக் கிழமையோ அதே கிழமையாகவே இருக்கும். ஆகவே ஆண்டு எந்த நாளில் பிறந்ததோ அந்த நாள் மட்டும் 53 தடவை வரும், மற்ற ஆறும் 52 தடவை வரும். நெட்டாண்டில் 366 நாட்கள் இருப்பதால் மீதி 2. ஆண்டு பிறந்த நாளும் அதற்கு அடுத்த நாளும் 53 தடவை வரும். 2024 திங்களில் பிறந்த நெட்டாண்டு என்பதால் அவ்வாண்டில் திங்களும் செவ்வாயும் 53 தடவை வந்தன. 2026 வியாழனில் பிறந்தது. ஆகவே வியாழனுக்கு மட்டும் 53.

ஞாயிறு 53 தடவை வந்த, வரவுள்ள ஆண்டுகள் 2006, 2012, 2017, 2023, 2028, 2034 ஆகும். உங்கள் பதிவேட்டுக்கு அடுத்த சோதனை 2028இல்தான் வரும். அது சனியில் பிறக்கும் நெட்டாண்டு. சனி, ஞாயிறு இரண்டுமே 53.

மாதக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கும் இதிலிருந்து ஒன்று கிடைக்கும். எந்த மாதமும் 28 நாட்களுக்குக் குறைவதில்லை. ஆகவே எந்தக் கிழமைநாளும் ஒரு மாதத்தில் நான்கு தடவையாவது வந்தே தீரும். பன்னிரண்டு மாதங்களுக்கு அது 48. ஆண்டுத் தொகை 52 ஆனால் மிகுதி 4, 53 ஆனால் மிகுதி 5. எனவே ஐந்து ஞாயிறு கொண்ட மாதங்கள் சாதாரணமாக ஆண்டுக்கு நான்கு, சில ஆண்டுகளில் ஐந்து. இதற்குக் கூடவும் முடியாது, குறையவும் முடியாது.

பரந்தன் சந்தி:
அக்கா, அந்த 823 ஆண்டுச் செய்தியை நான் மாணவனாக இருந்த காலத்திலேயே மின்னஞ்சலில் பார்த்திருக்கிறேன். 823 ஆண்டுகளுக்கு ஒரு தடவை வருவது எனக்கே இத்தனை தடவை வந்துவிட்டது.

வவுனியா நிரலாளர்:
அந்தச் செய்தியைச் சற்று விரிவாகவே பார்க்கலாம். ஏனெனில் அது பொய் என்று சொல்வதைவிட எவ்வளவு சாதாரணமான ஒன்றை அதிசயமாக்கியிருக்கிறார்கள் என்று காட்டுவதே பயனுள்ளது. 31 நாள் கொண்ட மாதத்தில் முதல் மூன்று நாட்களும் எந்தக் கிழமையில் வருகின்றனவோ அந்த மூன்று கிழமைநாட்களும் ஐந்து தடவை வரும். அம்மாதம் வெள்ளியில் பிறந்தால் வெள்ளி, சனி, ஞாயிறு ஆகியவை ஐந்தைந்து. இவ்வளவுதான் தேவை. ஓர் ஆண்டில் 31 நாள் கொண்ட மாதங்கள் ஏழு உள்ளன. அவை ஏழும் வெவ்வேறு கிழமையில் பிறப்பதில்லை. சாதாரண ஆண்டில் ஜனவரியும் ஒக்டோபரும் ஒரே கிழமையில் பிறக்கும், நெட்டாண்டில் ஜனவரியும் ஜூலையும் ஒரே கிழமையில் பிறக்கும். மற்றவை எல்லாம் வேறு வேறு. ஆகவே ஒவ்வோர் ஆண்டிலும் ஏழில் ஆறு கிழமைநாட்களுக்கு இந்த "அதிசயம்" கிடைத்துவிடுகிறது, ஒன்றே ஒன்று விடுபடுகிறது.

வெள்ளியில் பிறந்த 31 நாள் மாதங்களைப் பாருங்கள்: 2023 டிசம்பர், 2024 மார்ச், 2025 ஓகஸ்ட், 2026 மே, 2027 ஜனவரி, அதே ஆண்டு ஒக்டோபர், 2028 டிசம்பர். வெள்ளி விடுபட்டுப்போகும் ஆண்டைத் தேடுவதுதான் கடினம். 2018இல் அப்படி நடந்தது, இனி 2029இல் நடக்கும். இதே செய்தியின் பெப்ரவரிப் பதிப்பு ஒன்றும் உண்டு. எல்லாக் கிழமையும் நான்கு நான்காக வரும் பெப்ரவரி அபூர்வம் என்று அது சொல்லும். நெட்டாண்டு அல்லாத எந்தப் பெப்ரவரிக்கும் 28 நாட்கள்தானே?

பரந்தன் சந்தி:
ஆசிரியர் ஐயாவின் விளக்கத்தை ஏற்கிறேன். ஆயினும் பொருளாளர் அக்காவின் இரண்டாவது கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை. கிரகோரியன் நாட்காட்டி 400 ஆண்டுகளுக்கு ஒரு தடவை அப்படியே திரும்ப வருகிறது. அந்த 400 ஆண்டுகளில் ஜனவரி 1 ஞாயிற்றுக்கிழமையில் 58 தடவை வருகிறது. செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் 58, புதனுக்கும் வியாழனுக்கும் 57, திங்களுக்கும் சனிக்கும் 56. ஆண்டு பிறக்கும் நாள்தான் 53 தடவை வரும் என்றால், ஞாயிறு சனியைவிட அதிகம் வருகிறது என்று அந்த உறுப்பினர்கள் சொல்வது சரிதானே? இரண்டு ஆண்டு வித்தியாசம் சிறிது என்றாலும் வித்தியாசம் வித்தியாசமே.

மாங்குளம் கணித ஆசிரியர்:
தம்பி தந்த எண்கள் சரியானவை. ஆனால் அவற்றிலிருந்து அந்த முடிவு வராது. இந்த இழையிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான் என்பதால் சற்று நிதானமாக எழுதுகிறேன்.

400 ஆண்டுகளில் நெட்டாண்டுகள் 97. நான்கால் வகுபடும் ஆண்டுகள் 100. அவற்றில் 100ஆல் வகுபட்டும் 400ஆல் வகுபடாத மூன்று ஆண்டுகள் கழிந்துவிடும். 2000 நெட்டாண்டாக இருந்தது, 2100 அப்படி இராது. ஆக மொத்த நாட்கள் 1,46,097. இதை 7ஆல் வகுத்தால் மீதியின்றி 20,871 கிழமைகள் கிடைக்கின்றன. மீதி இல்லை என்பதன் பொருள், அந்த நெடிய சுற்றில் ஏழு கிழமைநாட்களும் மிகச் சரியாகச் சமமாக, ஒவ்வொன்றும் 20,871 தடவை வருகின்றன என்பதாகும். ஒவ்வோர் ஆண்டிலும் உறுதியாக வரும் 52ஐ 400ஆல் பெருக்கினால் 20,800. மிகுதி 71. ஆகவே எந்தக் கிழமைநாளை எடுத்தாலும் அது 53 தடவை வரும் ஆண்டுகள் 400இல் சரியாக 71. ஞாயிறுக்கும் 71, சனிக்கும் 71.

அப்படியானால் 58உம் 56உம் எங்கே போயின? நெட்டாண்டில் இரண்டாவது நாளுக்கும் பங்கு உண்டு என்பதைத் தம்பி கணக்கில் எடுக்கவில்லை. ஞாயிற்றில் பிறக்கும் ஆண்டுகள் 58. அவற்றோடு சனியில் பிறக்கும் நெட்டாண்டுகள் 13ஐயும் கூட்டினால் 71. சனியில் பிறக்கும் ஆண்டுகள் 56. வெள்ளியில் பிறக்கும் நெட்டாண்டுகள் 15. கூட்டினால் அதே 71. திங்களுக்கு 56உம் ஞாயிற்றில் பிறக்கும் நெட்டாண்டுகள் 15உம். செவ்வாய்க்கு 58உம் திங்களில் பிறக்கும் நெட்டாண்டுகள் 13உம். ஒரு பக்கம் குறைந்தது மறுபக்கத்தால் ஒவ்வொரு தடவையும் துல்லியமாக நிரம்புகிறது. ஆண்டுப் பிறப்பு ஏழு நாட்களுக்கும் சமமாகப் பகிரப்படவே முடியாது, ஏனெனில் 400 ஏழால் வகுபடாது. நாட்களின் எண்ணிக்கையோ ஏழால் வகுபடுகிறது. இரண்டும் வேறு வேறு கேள்விகள்.

பரந்தன் சந்தி:
400 ஆண்டு வாழ்ந்து சேமிப்புக் கட்டும் உறுப்பினர் எந்தச் சங்கத்திலும் இல்லையே, ஐயா. ஒருவரின் ஆயுட்காலத்துக்குள் இது எப்படி அமையும் என்பதையும் சொல்ல வேண்டும்.

வவுனியா நிரலாளர்:
அதற்கு 28 ஆண்டுச் சுற்று போதும். 1901 முதல் 2099 வரை இடையில் விடுபட்ட நெட்டாண்டு எதுவும் இல்லாததால் நாட்காட்டி 28 ஆண்டுகளுக்கு ஒரு தடவை அப்படியே திரும்புகிறது. 1998ஆம் ஆண்டு நாட்காட்டி யாரிடமாவது இருந்தால் 2026இல் அதைச் சுவரில் மாட்டலாம். பூரணையும் பண்டிகைகளும் மட்டும் பொருந்தா. அந்த 28 ஆண்டுகளில் 10,227 நாட்கள், அதாவது 1,461 கிழமைகள். இதிலிருந்து 28 ஐம்பத்திரண்டுகளான 1,456ஐக் கழித்தால் 5. எனவே ஒவ்வொரு கிழமைநாளும் 28 ஆண்டுகளில் ஐந்து ஆண்டுகளில் 53 தடவை வரும், அவற்றுக்கு இடையிலான இடைவெளி ஐந்து ஆண்டு அல்லது ஆறு ஆண்டு. எந்த நாளும் இதற்கு மேல் காத்திருக்க வேண்டியதில்லை, 2100 குறுக்கிடும் வரை. அப்போது மட்டும், எடுத்துக்காட்டாக, செவ்வாய்க்கிழமை 2097க்குப் பிறகு 2104 வரை ஏழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருக்கும்.

எனவே சனிக்கு மாற்றினால் பிரச்சினை தீராது. சனி 2022இல் 53 தடவை வந்தது, 2028இல் மறுபடியும் வரும், பின்னர் 2033.

துணுக்காய் கமக்காரன்:
நாங்கள் ஆண்டைவிடப் போகத்தையே அதிகம் எண்ணுகிறோம். மூன்றரை மாத நெல்லுக்கு 105 நாட்கள் என்று வைத்தால் அது மிகச் சரியாக 15 கிழமை. விதைத்த கிழமைக்கே வெட்டும் வரும், எந்த நாளும் மற்றதைவிட அதிகம் வராது. வாய்க்கால் தண்ணீர் முறையைக் கிழமைநாளுக்குக் கட்டினால் பயிர்க்காலத்துக்குள் எவருக்கும் ஒரு முறை கூடவோ குறையவோ போவதில்லை. திகதிக்குக் கட்டினால்தான் சண்டை வரும்.

ஒட்டுசுட்டான் அடியார்:
விவாதம் ஆங்கில ஆண்டைப் பற்றியே செல்கிறது. எங்கள் பகுதிக் கோயில்களில் விரதமும் பொங்கலும் தமிழ் மாதத்தின் கிழமைநாளைப் பற்றி நிற்பவை: ஆடிச் செவ்வாய், ஆவணி ஞாயிறு, புரட்டாதிச் சனி, கார்த்திகைச் சோமவாரம், பங்குனித் திங்கள். வற்றாப்பளை அம்மனின் பொங்கலும் வைகாசியின் ஒரு திங்கட்கிழமையில்தான் வருகிறது. இவற்றில் எந்த மாதத்தில் நான்கு வரும், எந்த மாதத்தில் ஐந்து வரும் என்பதற்கும் இதே முறை பொருந்துமா?

மாங்குளம் கணித ஆசிரியர்:
முறை பொருந்தும், மாத நீளம்தான் வேறு. தமிழ் மாதம் சூரியன் ஒரு இராசியில் நிற்கும் காலம் என்பதால் 29 முதல் 32 நாட்கள் வரை மாறுகிறது. ஆடி எப்போதும் 31 அல்லது 32 நாட்கள். ஆகவே ஆடியில் குறைந்தது மூன்று கிழமைநாட்களாவது ஐந்து தடவை வரும், 32 நாட்கள் வந்தால் நான்கு கிழமைநாட்கள். ஐந்து ஆடிச் செவ்வாய் கிடைப்பது எளிது. கார்த்திகையோ 29 அல்லது 30 நாட்கள்தான். 29 நாள் வந்தால் மாதம் பிறந்த கிழமை ஒன்று மட்டுமே ஐந்து தடவை வரும். எனவே ஐந்து சோமவாரம் அமைவது ஐந்து ஆடிச் செவ்வாய் அமைவதைவிட அரிது. மார்கழியும் தையும் இதே வகை. கூடுதலாக ஒன்று கவனிக்க வேண்டும்: வாக்கிய பஞ்சாங்கத்துக்கும் திருக்கணித பஞ்சாங்கத்துக்கும் இடையே மாதப் பிறப்பு சில வேளை ஒரு நாள் வேறுபடும். மாத எல்லையில் விழும் திங்கள் ஒரு பஞ்சாங்கத்தில் பங்குனியாகவும் மற்றதில் சித்திரையாகவும் இருக்கலாம். கோயில் எதைப் பின்பற்றுகிறதோ அதையே பார்த்துக்கொள்ள வேண்டும்.

மடு வீதி முதியவர்:
இளையவர்கள் அறியாத ஒன்றை இந்த இடத்தில் பதிவு செய்ய விரும்புகிறேன். 1966 முதல் 1971 வரை இலங்கையில் சனி, ஞாயிறு வாராந்த விடுமுறை இருக்கவில்லை. பூரணை, அமாவாசை, இரண்டு அட்டமிகள் ஆகிய போயா நாட்களை ஒட்டியே அலுவலகங்களும் பாடசாலைகளும் மூடப்பட்டன. சந்திரனின் கால்பகுதி சராசரியாக 7.38 நாட்கள் என்பதால், ஓய்வு நாளின் கிழமை சில தடவைக்கு ஒரு தடவை ஒன்று நகர்ந்துகொண்டே சென்றது. ஞாயிற்றுக்கிழமை வேலைநாளாகிவிட, எங்களைப் போன்ற கத்தோலிக்கக் குடும்பங்கள் பூசைக்குச் சென்றுவிட்டு அவசரமாகப் பாடசாலைக்கு ஓட வேண்டியிருந்தது. ஓர் ஆண்டுக்குச் சுமார் 52 ஞாயிறு என்றால், அத்தகைய போயா நாட்கள் ஏறத்தாழ 49 அல்லது 50 மட்டுமே. ஆயினும் கிழமைநாட்களின் பெயர் வரிசை ஒரு நாள்கூடத் தடைப்படவில்லை, விடுமுறைதான் அலைந்தது.

வவுனியா நிரலாளர்:
முதியவர் ஐயாவுக்கு நன்றி. கிழமை வரிசை தடைப்படாதது அப்போது மட்டுமல்ல. 1582இல் பாப்பரசர் பதின்மூன்றாம் கிரகோரி நாட்காட்டியைத் திருத்தியபோது ஒக்டோபர் 4க்கு அடுத்த நாள் ஒக்டோபர் 15 ஆக்கப்பட்டது. பத்துத் திகதிகள் மறைந்தன. ஆனால் 4ஆம் திகதி வியாழன், 15ஆம் திகதி வெள்ளி. பிரித்தானியா 1752இல் மாறியபோதும் செப்டெம்பர் 2 புதன், மறுநாளான செப்டெம்பர் 14 வியாழன்.

சம்பளப் பட்டியல் செய்பவர்களுக்கு ஒரு குறிப்பும் தர வேண்டும். திகதிகளை எழுதுவதற்கான சர்வதேச நியமமான ஐ.எஸ்.ஓ. 8601 முறையில் கிழமை திங்களில் தொடங்குகிறது. ஒரு கிழமையின் வியாழன் எந்த ஆண்டில் விழுகிறதோ அந்த ஆண்டுக்கே அக்கிழமை உரியது. எனவே 53 வியாழன் கொண்ட ஆண்டுக்கு 53 கிழமைகள். 2020 அப்படி இருந்தது, 2026உம் அப்படியே. கிழமைச் சம்பளம் கொடுக்கும் இடங்களில் கிழமைச் செலவை 52ஆல் பெருக்கி ஆண்டுச் செலவைத் திட்டமிட்டிருந்தால் ஒரு சம்பளம் வெளியே நிற்கும். திங்கள் முதல் வெள்ளி வரையான நாட்கள் ஓர் ஆண்டில் 260, 261 அல்லது 262 வரலாம். 2024இல் 262, 2028இல் 260. அரச விடுமுறைகளை இதிலிருந்து பிறகுதான் கழிக்க வேண்டும்.

முள்ளியவளைப் பொருளாளர்:
எல்லோருக்கும் மிக்க நன்றி. உறுப்பினர்கள் சேமிப்போடு கடனும் எடுத்திருக்கிறார்கள். கிழமைக்கு ஆயிரம் ரூபா வீதம் 52 தவணை என்பது ஒப்பந்தம். 53 ஞாயிறு வரும் ஆண்டில் கடனாளி ஒரு தவணை கூடுதலாகக் கட்ட நேருமா?

மாங்குளம் கணித ஆசிரியர்:
நேராது. தவணை ஜனவரி முதலாம் திகதியிலிருந்து எண்ணப்படுவதில்லை, கடன் எடுத்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது. 52 கிழமை என்றால் 364 நாட்கள். எந்த ஆண்டில் எடுத்தாலும் அடுத்த ஆண்டின் அதே திகதிக்கு ஒரு நாள் முன்னதாகவோ, பெப்ரவரி 29 இடையில் வந்தால் இரு நாட்கள் முன்னதாகவோ 52 கிழமையும் நிறைவடையும். 53ஆவது தவணை என்று எவராவது கேட்டால் அதற்கு நாட்காட்டியில் ஆதாரம் இல்லை. கடனாளிகள் கவனிக்க வேண்டியது வேறொன்று. கிழமைக்கு ஆயிரம் என்றால் மாதத்துக்கு நாலாயிரம் என்று மனத்தில் போட்டுக்கொள்கிறார்கள். நான்கு நான்காக எண்ணினால் ஆண்டுக்கு 48 தான் வரும், கட்ட வேண்டியதோ 52. உண்மையான மாதச் சுமை சராசரியாக 4,333 ரூபா. நுண்கடன் எடுத்த வீடுகளில் ஐந்து தவணை வரும் மாதங்களில்தான் கழுத்து நெரிகிறது, அவை ஆண்டுக்கு நான்கு அல்லது ஐந்து மாதங்கள் என்று மேலே பார்த்தோம்.

சேமிப்புக் கணக்கைப் பொறுத்தவரை, சங்கத்தின் விதியில் "ஆண்டுக்கு 10,400 ரூபா" என்று இருப்பதை "ஒவ்வொரு ஞாயிறும் 200 ரூபா" என்று மாற்றி எழுதுவதே நேர்மையானது. தொகை தானாக அமைந்துவிடும்.

பரந்தன் சந்தி:
அச்சகத்தில் 53 வரி அடித்தால் போதுமா, அல்லது எப்போதாவது 54 வருமா?

மாங்குளம் கணித ஆசிரியர்:
முதல் ஞாயிறு முதல் 54ஆவது ஞாயிறு வரை 372 நாட்கள் வேண்டும். நெட்டாண்டுக்கே 366 தான். வராது.

வவுனியா நிரலாளர்:
ஞாயிறுகளுக்கு 53 வரி போதும் என்பது சரி. கிழமை வாரியாக வரி அடிப்பவர்கள் மட்டும் 2028இல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அவ்வாண்டு ஜனவரி 1 சனி. ஞாயிற்றில் தொடங்கும் கிழமை முறையில் அந்த ஒரு நாளுக்கே ஒரு வரி போய்விடும். ஜனவரி 2 முதல் டிசம்பர் 30 வரை முழுமையான 52 கிழமைகள். டிசம்பர் 31 ஞாயிறு தனித்து இன்னொரு வரி. ஆக 54. எக்செல்லின் கிழமை எண் சூத்திரத்தை அதன் வழமையான முறையில் போட்டாலும் அந்த நாளுக்கு 54 என்றே காட்டும். பிழை என்று எண்ணி எவரும் திருத்திவிட வேண்டாம்.

முள்ளியவளைப் பொருளாளர்:
நாங்கள் ஞாயிறுகளை மட்டுமே பதிவதால் 53 வரியோடு அச்சுக்குக் கொடுக்கிறேன்; வரி எண்ணுக்குப் பக்கத்தில் திகதி எழுதவும் ஒரு நிரல் சேர்த்துவிட்டேன்.